சந்நிதிக்குப் போன என்ஜின்

ஒரு கார் என்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதா வேண்டாமா என்பதை அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்து முடிவு செய்தவன் நான். இதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் தத்துவப் புத்தகங்கள் மட்டும் இரண்டு அலமாரி இருக்கின்றன. அவற்றுக்கு எதிரில் உட்கார்ந்து சொல்லக் கூச்சமாக இருந்தது.

'நீங்கள் எதையும் தர்க்கத்தோடு அணுகுகிறீர்கள்' என்று இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் ஒருவர் போன மாதம் எழுதியிருந்தார். அவர் இந்த வாரம் மட்டும் ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடுவது நல்லது.

மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். காரைக்குடியில் எங்கள் தெருக்கோடி அம்மன் கோயில். வாழையிலைத் துணுக்கு இரண்டு. ஒன்றில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே அளவில் மடித்து, நாரால் கட்டி, பூசாரி அம்மன் காலடியில் உருட்டிவிட்டார். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். வரன் பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரைக்கும் எங்கள் பக்கத்தில் இதுதான் நடைமுறை. என்ஜினுக்கு இதற்கு முன் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நானும் என் மனைவி கலாவதியும் கண்ணை மூடி நின்றோம். கேள்வியை மனசுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். பூ வருகிறவரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

பொட்டலத்தை எடுக்கக் குழந்தைதான் வேண்டும் என்பது வழக்கம். எங்கள் தெருப் பிள்ளைகள் கிரிக்கெட்டில் இருந்தன, இல்லாவிட்டால் டியூஷனில் இருந்தன. பிரகாரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரைப் பூசாரி கூட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன, பொண்ணு விசயமா?" என்றார் சர்வேயர்.

"இல்லைங்கய்யா. கார் விசயம். என்ஜினை..."

"உஸ்!" என்றார் பூசாரி. "வெளிய சொல்லப்படாது சார்."

சர்வேயர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னை ஒருமுறை அளந்தார். பிறகு, "எனக்கும் எழுபத்தஞ்சாச்சு. பல்லும் இல்ல. குழந்தைதான்" என்று சொல்லிக் குனிந்தார்.

அவர் கை பொட்டலங்களுக்கு மேலே அப்படியே நிற்கட்டும். அதற்குள் ஒரு கார் எப்படிக் கோயில் வரைக்கும் வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நாலு நிமிஷம்

கலாவதி கணக்கு டீச்சர். கண்டரமாணிக்கம் தாண்டி ஓர் அரசுப் பள்ளிக்கூடத்தில் வேலை. தினமும் காரில் போய் வருகிறாள். ஓட்டுவது அவள்தான். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, அனுமதி இல்லை. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு சில நாள் நானும் இடது பக்கம் உட்கார்ந்து கூடவே போவதுண்டு. கியர் மாற்றும்போது என் முழங்கால் இடைஞ்சலாக இருக்கிறதென்று அதையும் குறைத்துவிட்டாள்.

இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவள் ஒரே ஒரு தடவைதான் தாமதமாகப் போயிருக்கிறாள். அது போன வருடம், பொதுத்தேர்வு நாளில்.

தேர்வறைக் கண்காணிப்புக்குச் சொந்தப் பள்ளிக்கூடத்தில் போடமாட்டார்கள். குலுக்கல் போட்டு வேறு எங்காவது அனுப்புவார்கள். எந்த ஊர் என்பது முதல் நாள் சாயந்தரம்தான் தெரியும். போன வருடம் பஸ் எட்டிப் பார்க்காத ஓர் ஊரில் விழுந்தது. பாதி வழியில், இரண்டு பக்கமும் கருவேலங்காட்டைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில், கார் நின்றுவிட்டது. தேங்காய் ஏற்றிப்போன ஒரு லோடு ஆட்டோவில், மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கலாவதி போய்ச் சேர்ந்தபோது நாலு நிமிஷம் தாமதம். மறுவாரம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

வண்டி நின்றதற்குக் காரணம் பேட்டரி வயர் லூஸ். கையால் ஒரு திருகு திருகியிருந்தால் போயிருக்கும். அது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

இந்த வருடம் தலைமையாசிரியை பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. இன்னொரு மெமோ வந்தால் பெயர் கீழே போய்விடும். பிறகு அது மேலே வருவதற்குள் அவளே ஓய்வு பெற்றுவிடுவாள். ஆக, பங்குனியில் தேர்வு தொடங்கும் நாளன்று அந்தக் கார் எங்கும் நிற்கக் கூடாது. என்னுடைய மற்ற உளறல்களை மறந்தாலும் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நீலமா, வெள்ளையா

கார்த்திகை வாக்கில் புகை வர ஆரம்பித்தது.

காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் பின்னால் ஒரு மேகம் கிளம்பும். எதிர் வீட்டுக்காரர் கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு நாள் ஜன்னலைச் சாத்தினார். மூன்றாம் நாள் விஷயம் தெரிந்து, சாத்திய ஜன்னலைத் திறக்காமலே விட்டுவிட்டார்.

நான் படிக்கிற ஆள். படித்தேன். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் சரியாக எரியவில்லை. வெள்ளைப் புகை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. என்ஜினுக்கு உள்ளே தேய்ந்திருக்கிறது. பிரிக்க வேண்டி வரலாம். இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தவர்கள், நீலம் என்றால் எவ்வளவு நீலம் என்று எழுதவில்லை.

கலாவதி ஆக்சிலேட்டரை மிதிக்க, நான் பின்னால் நின்று பார்த்தேன்.

"என்ன நிறம்?" என்று உள்ளிருந்து கத்தினாள்.

"நீலம் மாதிரி இருக்கு."

"மாதிரியா, நீலமா?"

"வெள்ளையில கொஞ்சம் நீலம் கலந்த மாதிரி."

"சட்டைக்குச் சொட்டு நீலம் போட்ட மாதிரியா?"

"அவ்வளவு இல்ல."

"இங்குட்டு வந்து நீங்க மிதிங்க. நான் பாக்குறேன்."

அவள் பார்த்துவிட்டுச் சாம்பல் நிறம் என்றாள். சாம்பல் நிறத்துக்கு எந்தப் புத்தகத்திலும் வியாதி இல்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் என் மைத்துனனிடம் போனில் கேட்டோம். "வித்துருங்க அத்தான்" என்றான். அவன் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வான். எங்கள் பூர்விக வீட்டுக்கும் அதையேதான் சொன்னான்.

மூன்றில் எத்தனை

கொத்தமங்கலம் போகிற ரோட்டில் நாகலிங்கத்தின் பட்டறை இருக்கிறது. அவருடைய அப்பாவும் அண்ணன்களும் நகைத் தொழில். இவருக்கு மட்டும் உட்கார்ந்தே வேலை பார்ப்பது பிடிக்காமல் என்ஜினுக்கு வந்துவிட்டார். ஆனால் வந்த இடத்திலும் கை மாறவில்லை. ஒரு நட்டை எடுத்தால் தோட்டில் கல் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார்.

கலாவதி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட முடியாது என்பதால், அவளைக் காலையில் பஸ் ஏற்றிவிட்டு, அவளிடம் அனுமதி வாங்கியே நான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் கியரிலேயே போனதில் கொஞ்சம் நேரமானது.

நாகலிங்கம் பிளக்குகளைக் கழற்றினார். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு மீட்டரைச் சொருகி அமுக்கம் எவ்வளவு என்று பார்த்தார். மூன்று ஒரே மாதிரி. ஒன்று மட்டும் கொஞ்சம் குறைவு. அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தார். முள் கொஞ்சம் ஏறியது.

"ஏறினா நல்லதா?" என்றேன்.

"ஏறினா பிஸ்டன்ல மாட்டுற ரிங் தேஞ்சிருக்குன்னு அர்த்தம்."

"அப்ப மோசமா?"

"நல்லா ஏறினாத்தான் மோசம். இது கொஞ்சந்தான் ஏறுது."

"அப்ப நல்லதா?"

அவர் மீட்டரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "சார், வயசானவுகளுக்கு மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கும். அதுக்குன்னு நெஞ்சைப் பிளந்தா பாக்குறீக?"

எப்போதுதான் பிரிக்க வேண்டும் என்று கேட்டேன். விரல் விட்டுச் சொன்னார். எண்ணெய் குடிக்க வேண்டும். இழுவை குறைய வேண்டும். அமுக்கம் விழ வேண்டும். மூன்றும் சேர்ந்து வந்தால் யோசிக்காமல் பிரிக்கலாம். இரண்டு வந்தால் யோசிக்கலாம். ஒன்று வந்தால் ஓட்டலாம்.

எங்களுக்கு ஒன்றரை வந்திருந்தது.

கடைசியாக, எண்ணெய் மட்டம் பார்க்கிற கம்பியை உருவித் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்தார். புருவம் கொஞ்சம் ஏறியது. "எண்ணெய் தூக்கலா இருக்கே. ஒரு பத்து நாளைக்கு ஊத்தாதீக. வண்டி என்னதான் குடிக்குதுன்னு பாப்போம். அப்புறம் முடிவு பண்ணுவோம்."

சரி என்று தலையாட்டினேன். இந்தத் தலையாட்டலைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

சித்தப்பாவின் ஆயில் என்ஜின்

பிரிப்பது என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். அதற்குக் காரணம் என் சித்தப்பா.

நாட்டரசன்கோட்டைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. கிணற்றில் ஆயில் என்ஜின். நான் அரைக்கால் சட்டை போட்டிருந்த ஒரு கோடையில் அது ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்தது. கதிர் பால் பிடிக்கிற நேரம். சித்தப்பா ஊரில் எல்லோரையும் கேட்டார். ஆடு மேய்க்க வந்தவரைக்கூடக் கேட்டார். கடைசியில் எல்லோரும் சொன்னதைச் சேர்த்துக் கூட்டி, தானே பிரித்துவிட்டார்.

சாயந்தரத்துக்குள் கிணற்று மேட்டில் சாக்கு விரித்து, சாமான் சாமானாகப் பரப்பி வைத்திருந்தார். மண்ணெண்ணெய் வாசம் வரப்பு முழுக்க அடித்தது. பெரிய சாமான், சின்ன சாமான், பெயர் தெரியாத சாமான் என்று மூன்று வரிசை. அதைப் பார்த்துக்கொண்டே அவர் ஒரு கட்டு பீடியைத் தீர்த்தார். அப்போது மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. பயிர் பிழைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு சித்தப்பா அந்த என்ஜினை மாட்டவே இல்லை. நாலு மூட்டையாகக் கட்டித் தொழுவத்தில் போட்டுவிட்டார். யாராவது கேட்டால், "அதான் மழை பெஞ்சிருச்சுல்ல" என்பார். மறு வருடம் மழை பெய்யாதபோதும் அதையேதான் சொன்னார். சத்தம் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது.

எனவே நாகலிங்கம் பத்து நாள் பொறுங்கள் என்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பொறுத்தால் தேர்வுக்கு முன் பிரித்து மாட்ட நாள் போதாது என்ற பயமும் கூடவே இருந்தது. பிரித்தால் சித்தப்பா. பிரிக்காவிட்டால் தேங்காய் ஆட்டோ. நாலு நாள் இந்த இரண்டுக்கும் நடுவில் தூங்காமல் கிடந்தேன்.

கலாவதியும் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் காப்பியை வைத்துவிட்டு, "பூக்கட்டிப் பாத்துருவோமா?" என்றாள். நிகழ்தகவு பாடம் நடத்துகிறவள் கேட்கிற கேள்வியா இது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வெள்ளைப் பூ

சர்வேயர் குனிந்த நிலையிலேயே நிற்கிறார், பாவம்.

அவர் இடது பொட்டலத்தைத் தொட்டார், விட்டார். வலது பொட்டலத்தை எடுத்தார். பூசாரி நாரை அறுத்துப் பிரித்தார். நந்தியாவட்டை.

"வெள்ளை!" என்றார் பூசாரி. "உத்தரவு ஆயிருச்சு."

எனக்குள் ஏதோ ஒன்று லேசானது. திரும்பிப் பார்த்தால் கலாவதி முகத்திலும் அதே வெளிச்சம். இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நிம்மதியானது அதுதான் இரண்டாம் தடவை என்று நினைக்கிறேன். முதல் தடவை எது என்று ஞாபகமில்லை. சர்வேயருக்கு நன்றி சொல்லி, திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தோம்.

செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்கே நாகலிங்கத்துக்கிட்ட விட்டுறலாம்" என்றேன்.

"எதுக்கு?"

"பிரிக்கத்தான்."

"அம்மன் வேண்டாம்னு சொல்லிருச்சே. அப்புறம் எதுக்குப் பிரிக்கிறீக?"

"வெள்ளைதானே வந்துச்சு?"

"வெள்ளைதான். 'இப்படியே விட்டுறலாமா'ன்னு கேட்டேன். விட்டுறச் சொல்லிருச்சு."

"நான் 'பிரிக்கலாமா'ன்னு கேட்டேன்."

செருப்பு ஒன்று காலிலும் ஒன்று கையிலுமாக நின்றோம். கேள்வியை வெளியே சொல்லக் கூடாது என்பதால் ஆளுக்கொரு கேள்வி கேட்டிருக்கிறோம். அம்மன் இரண்டுக்கும் சேர்த்து ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

திரும்ப உள்ளே போனோம். இன்னொரு தடவை கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்குப் பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரே விசயத்துக்கு ரெண்டு தடவை கேட்டா அம்மனை நம்பலைன்னு அர்த்தம் சார். ஆத்தா கோவிச்சுக்குவா."

"அப்ப எங்க ரெண்டு பேர்ல யாரு கேட்டதை எடுத்துக்கிறது?"

பூசாரி தூணில் சாய்ந்து யோசித்தார். உள்ளபடியே நன்றாக யோசித்தார். பிறகு கேட்டார்: "ஆர்.சி. புத்தகம் யாரு பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான்."

"அப்ப சார் கேட்டதுதான் கணக்கு."

"ஓட்டுறது நான்" என்றாள் கலாவதி.

"இருக்கலாம் டீச்சர். ஆனா வண்டிக்கு உரியவுகதானே அம்மனுக்கு முக்கியம்?"

பிரகாரத்திலிருந்து சர்வேயர் பேப்பரை இறக்கி, "சட்டப்படி அது சரிதான்" என்றார்.

வண்டி வாங்கியபோது ஆர்.டி.ஓ. ஆபீசில் போய்க் கையெழுத்துப் போட நான்தான் சும்மா இருந்தேன் என்பதைத் தவிர, என் பெயர் அந்தப் புத்தகத்தில் வந்ததற்கு வேறு காரணம் கிடையாது.  வீட்டுக்கு வந்ததும் கலாவதி சொன்னாள்: "பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள வண்டி வரலைன்னா, அந்தப் புத்தகத்துல ஏறி நான் போறேன்."

கொட்டான் கோடு

நாகலிங்கத்திடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு ஸ்பேனரைத் துணியால் நெடுநேரம் துடைத்தார்.

"பத்து நாள் ஆகலையே சார்?"

"உத்தரவு ஆயிருச்சுப்பா."

"அம்மனே சொல்லிட்டா அதுக்கு மேல நான் என்ன சொல்ல" என்றார். அடுத்த நாள் எண்ணெயை வடித்துவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை கலாவதியும் நானும் பார்க்கப் போனோம். பழைய செய்தித்தாள் விரித்து, பிஸ்டன்களுக்குச் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண் போட்டு வரிசையாக வைத்திருந்தார். ரிங்குகள் வளையல் கடையில் இருப்பதுபோல ஒரு கம்பியில் தொங்கின. மண்ணெண்ணெய் வாசம் வந்ததும் எனக்குச் சித்தப்பாவின் பீடி ஞாபகம் வந்தது.

நாகலிங்கம் டார்ச்சை அடித்து, "குனிஞ்சு பாருங்க" என்றார்.

சிலிண்டரின் உட்சுவரில் மெல்லிய கோடுகள். பனையோலைக் கொட்டான் கூடை முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக, ஒரே சீராக, பளபளவென்று இருந்தன.

"கோடு தெரியுதா?"

"தெரியுது. நிறையக் கீறல் விழுந்திருக்கு போல."

"கீறல் இல்ல சார். கம்பெனியில போட்ட கோடு. எண்ணெய் நிக்கிறதுக்குன்னு போடுறது. இது அழிஞ்சு வழவழன்னு ஆனாத்தான் பிரிக்கணும். இது நேத்துப் போட்ட மாதிரி இருக்கு."

"அப்படின்னா?" என்றாள் கலாவதி.

"என்ஜினுக்கு ஒண்ணுமில்ல டீச்சர்."

 ரோட்டில் ஒரு லாரி போய் முடிகிறவரை அவர் காத்திருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "எண்ணெய் வடிச்சப்ப தொட்டி ரொம்பி வழிஞ்சுச்சு. தொட்டியில ஏற்கெனவே வேற வண்டியோட பழைய எண்ணெய் கெடந்திருக்கும்னு நெனச்சு விட்டுட்டேன். இந்த வண்டிக்கு வீட்டுல எண்ணெய் யாரு ஊத்துறது?"

"நான்தான்" என்றேன்.

"நான்தான்" என்றாள் கலாவதி.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

போன வருடம் கருவேலங்காட்டில் வண்டி நின்றதிலிருந்து, அவள் மறுபடி நடுரோட்டில் நின்றுவிடக் கூடாதென்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் குளிக்கப் போகிற நேரத்தில் எண்ணெய்க் கம்பியைப் பார்ப்பேன். குறைவாக இருக்கும். கொஞ்சம் ஊற்றுவேன். சொன்னால் அவள் பயப்படுவாள் என்று சொல்லவில்லை. எண்ணெய் டப்பாவைத் தத்துவ அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். அங்கே யாரும் வரமாட்டார்கள்.

அவளும் அதே பயத்தில் புதன்கிழமைதோறும் பார்த்திருக்கிறாள். நான் மறந்திருப்பேன் என்று ஊற்றியிருக்கிறாள். சொன்னால் எனக்கு மனசு கஷ்டப்படும் என்று சொல்லவில்லை. அவள் டப்பா அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது.

பத்து நாள் ஊற்றாதீர்கள் என்று நாகலிங்கம் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் ஊற்றுவது தெரிந்துவிடும். இரண்டு நாள் ஊற்றாமல் இருந்தேன். அதற்கு மேல் ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் ஊற்றிவிட்டேன்.

"ஆனா கம்பியில கொறைச்சலாத்தானே காட்டுச்சு?" என்றாள் கலாவதி, தோற்ற கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கிற குரலில்.

"வண்டி எங்க நிக்கும்?"

"போர்ட்டிகோவுல."

"சரிவா?"

மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓட வேண்டுமென்று நான்தான் கொத்தனாரிடம் அடம்பிடித்துச் சரிவாகப் போடச் சொல்லியிருந்தேன். நாகலிங்கம் குடித்துக்கொண்டிருந்த டீ கிளாஸைச் சாய்த்துக் காட்டினார். ஒரு பக்கம் டீ விளிம்புக்கு வந்தது. இன்னொரு பக்கம் அடி தெரிந்தது. "நீங்க பாத்தது இந்தப் பக்கம்" என்று அடி தெரிந்த பக்கத்தைத் தொட்டார்.

மூன்றரை லிட்டர் பிடிக்கிற வயிற்றில் ஐந்துக்கும் மேல் இருந்திருக்கிறது. அதிகப்படி எண்ணெயை என்ஜின் எரித்துத் துப்பியிருக்கிறது. அந்தப் புகையைப் பார்த்துப் பயந்து இன்னும் ஊற்றியிருக்கிறோம். வண்டி எண்ணெய் குடிக்கவில்லை. நாங்கள்தான் மூக்கைப் பிடித்துப் புகட்டியிருக்கிறோம்.

கலாவதி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "மாட்ட எத்தனை நாளாகும்?" என்றாள்.

ஞாயிறு சாயந்தரம்

பிரித்துவிட்டால் அப்படியே மூட முடியாதாம். கசியாமல் இருக்க நடுவில் வைக்கிற கேஸ்கெட்டைப் புதிதாகப் போட வேண்டும். இவ்வளவு தூரம் வந்த பிறகு ரிங்கையும் மாற்றிவிடலாம் என்றார். மதுரையிலிருந்து சாமான் வந்தது. பிரித்துப் பார்த்தால் வேறு மாடலுக்கானது. அதைத் திருப்பி அனுப்பிச் சரியானது வருவதற்குள் ஒரு வாரம் போய்விட்டது.

அந்த நாட்களில் கலாவதி இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போனாள். சாயந்தரம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன், பக்கவாட்டில். உள்ளே போய்விடுவாள். பட்டறையில் அந்தப் பிஸ்டன்கள் செய்தித்தாளிலேயே கிடந்தன. அதில் இருந்த செய்தியைக்கூட நான் மனப்பாடம் செய்துவிட்டேன்.

தேர்வுக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், என்ஜின் உயிர் பெற்றது. புதிய கேஸ்கெட், புதிய ரிங், மூன்றரை லிட்டர் எண்ணெய். முதலில் கொஞ்சம் புகைந்தது. பிறகு ஒன்றும் இல்லை. பின்னால் நின்று பார்த்தேன். எந்த நிறமும் இல்லை. நாகலிங்கம் காதைச் சாய்த்துக் கேட்டு, கை துடைத்துக்கொண்டார்.

"ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாப்பதுக்கு மேல போகாதீக டீச்சர். புது ரிங்கு பழகணும்."

நாற்பதில் போனால், காட்டுக்குள் எங்காவது போட்டிருந்தால், எத்தனை மணிக்குக் கிளம்புவது? கலாவதி அங்கேயே கையில் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டாள். ஐந்தே கால். வழியில் நின்றால் மாற்று ஏற்பாட்டுக்கு அரை மணி. நாலே முக்கால். அலாரம் நாலு மணிக்கு. எனக்கும் சேர்த்து.

வீட்டு வாசலில் வண்டியை, இந்தத் தடவை தெருவில் சமதரையாகப் பார்த்து நிறுத்திக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. குலுக்கல் முடிவு. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "சரிங்க சார்... சரிங்க சார்... நல்லாத் தெரியுங்க சார்" என்றாள். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு முன்கண்ணாடியையே பார்த்தாள்.

"எங்க?" என்றேன். 

கையை நீட்டிக் காட்டினாள். எங்கள் தெரு முடிந்து, இடது பக்கம் திரும்பி, மாவு மில்லைத் தாண்டினால் வருகிற பள்ளிக்கூடம். தேர்வு முடிகிறவரை அங்கேதான். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் அதன் கொடிக்கம்பம் தெரியும்.

மறுநாள் காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். பை பாரமாக இருக்குமே என்று மாவு மில் வரைக்கும் நான் தூக்கிக்கொண்டு போனேன். அதற்கு மேல் வர வேண்டாம், பிள்ளைகள் பார்க்கும் என்றாள். கேட் திறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்களில் அவள்தான் முதல் ஆள். மெமோவுக்கு வழியே இல்லை.

நான் வீட்டுக்கு வந்து, வாசலில் சமதரையில் நின்ற வண்டியைத் துடைத்தேன். கதவைத் திறந்து இடது பக்கம் கொஞ்சம் உட்கார்ந்தேன். புது எண்ணெய் வாசம் வந்தது. எனக்கு எது சரி, எது தப்பு என்று எதுவும் பிடிபடவில்லை. பிரித்தது தப்பு. ஆனால் பிரிக்காவிட்டால் ஊற்றியது தெரிந்திருக்காது. ஊற்றியது தெரியாவிட்டால் இன்னும் ஊற்றியிருப்போம். வண்டி இப்போது நன்றாக இருக்கிறது. போன வருடமும் நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் நாகலிங்கம் போன் செய்தார்.

"டீச்சர் நேரத்துக்குப் போயிட்டாகளா சார்? வண்டி எப்படிப் போச்சு?"

"வண்டியை எடுக்கவே இல்லப்பா. பக்கத்துலேயே போட்டுட்டாங்க. நடந்தே போயிட்டா."

அந்தப் பக்கம் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. 

"ரொம்ப நல்லது சார்" என்றார். "நீங்க எடுக்காத வரைக்கும் வண்டி நல்லா இருக்கும்."